700 வரி மொய் நோட்டு: பைத்தான் பேக்கேஜ், தொடங்குபவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டு வாசலில் இப்போதெல்லாம் மொய் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பும் உட்கார்ந்திருக்கிறது. பெயர், ஊர், தொகை தட்டினால் ரசீது வரும். விசேஷம் முடிந்ததும் ஊர்வாரியாகப் பட்டியல் வரும். சித்தப்பா பேத்தியின் காதுகுத்துக்கு அப்படி ஒரு சின்னப் பைத்தான் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் 80 வரிதான் இருந்தது. அப்புறம் ரசீது வேண்டும் என்றார்கள், ஊர்க் கணக்கு வேண்டும் என்றார்கள், தாய்மாமன் மொய்யைத் தனியாகக் காட்டு என்றார்கள். ஃபைல் 700 வரியைத் தொட்டது. எல்லாம் ஒரே ஃபைலில்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை பார்த்தால், தட்டிய மொய் எதுவும் பதிவாகவில்லை. எரரும் வரவில்லை. அரை மணி நேரம் தேடினேன். மேலே 60-ஆவது வரியில் 'சேர்' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. ஒரு மொய்யை வாங்கிப் பட்டியலில் சேர்ப்பது அதன் வேலை. கீழே 500-ஐத் தாண்டி இன்னொரு 'சேர்'. அது அதே மொய்யை வாங்கி, பெயரையும் ஊரையும் ஒட்டி ரசீதுக்கு ஒரு வரியாக்கித் தருவது. இரண்டையும் எழுதியவன் நான்தான். ஒரே ஃபைலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பைத்தான் கேள்வி கேட்காது. பின்னால் வந்தது முன்னால் இருந்ததைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

மொய் எழுதுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பழையது. நோட்டில் முருகேசன் நாலு பேர் வருவார்கள். அதனால்தான் பெயரோடு ஊரையும் எழுதுகிறார்கள். பைத்தானில் அந்த ஊர்ப்பெயர் வேலையைச் செய்வது மாட்யூல். 'பதிவு' என்ற ஃபைலில் இருக்கும் சேர், பதிவு.சேர் ஆகிறது. 'அச்சு' என்ற ஃபைலில் இருப்பது அச்சு.சேர். இரண்டும் மோதிக்கொள்ளாது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். இம்போர்ட், ஃப்ரம் என்று வரும் இடங்களில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து 'பை' என்று எழுதியிருப்பது பைத்தான் ஃபைலுக்கான அந்த இரண்டெழுத்து ஒட்டு. பைத்தான் 3-இல் ஃபங்ஷன், மாறி ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், ஓடும். ஆனால் ஃபைல் பெயரை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது தொல்லை வராது. நடுவில் கழித்தல் கோடு போடாதீர்கள். 'மொய்-பட்டியல்' என்று ஃபைலுக்குப் பெயர் வைத்து இம்போர்ட் செய்தால், மொய்யிலிருந்து பட்டியலைக் கழிக்கச் சொல்வதாகப் பைத்தான் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அடிக்கோடு போடலாம்.

சரி, மாட்யூல் என்பது வேறொன்றுமில்லை, ஒரு பைத்தான் ஃபைல்தான். அதை இன்னொரு ஃபைலிலிருந்து கூப்பிடுவதுதான் இம்போர்ட். பலர் இதை, அந்த ஃபைலில் இருப்பதை இங்கே ஒட்டுவது என்று நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது இல்லை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையில், பைத்தானைத் திறந்து இப்படித் தட்டுங்கள்:

    இம்போர்ட் திஸ்

டிம் பீட்டர்ஸ் எழுதிய 19 வரிகள் திரையில் ஓடும். பைத்தான் ப்ரோகிராம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்பவை. இப்போது அதே கட்டளையை மறுபடி தட்டுங்கள். ஒன்றும் வராது. மூன்றாம் முறை தட்டினாலும் வராது.

நடந்தது இதுதான். முதல் முறை கேட்டதும் பைத்தான் 'திஸ்' என்ற ஃபைலைத் தேடிப் பிடித்தது. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டியது. ஓட்டும்போது அதில் ஒரு பிரிண்ட் இருந்ததால் வரிகள் அச்சாயின. பிறகு அந்த மாட்யூலைத் தன் ஏட்டில் குறித்துக்கொண்டது. அந்த ஏட்டுக்குப் பெயர் சிஸ்.மாட்யூல்ஸ். இரண்டாம் முறை கேட்டபோது ஏட்டைப் பார்த்தது, பெயர் இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டது. ஃபைலைத் தொடவே இல்லை. (அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 19 வரிகளும் ஒவ்வோர் எழுத்தையும் 13 இடம் தள்ளிப் போட்ட குறியீட்டில் இருக்கும், ஓடும்போதுதான் அவிழ்கிறது.)

ஆக இம்போர்ட்டில் மூன்று வேலைகள் இருக்கின்றன: தேடுவது, ஒரே ஒரு முறை ஓட்டுவது, ஒரு பெயரைக் கையில் கொடுப்பது. தொடங்குபவர்களுக்கு வரும் எரர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருபவை.

ஓட்டுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். டெர்மினலில் பைத்தானைத் திறந்து வைத்துக்கொண்டே பதிவு.பை ஃபைலைத் திருத்திவிட்டு மறுபடி இம்போர்ட் செய்தால் திருத்தம் தெரியாது. ஏட்டில் இருக்கும் பழையதுதான் வரும். பைத்தானை மூடித் திறப்பதுதான் எளிய வழி. இன்னொன்று, ஃபைலின் அடியில் சோதனைக்காக நாலு வரி போட்டு வைத்திருப்போம் அல்லவா, இம்போர்ட் செய்தால் அதுவும் ஓடும். என் கணக்கு.பை ஃபைலில் 'தொகை என்ன?' என்று கேட்கும் ஒரு வரி கிடந்தது. அச்சு.பை அதை இம்போர்ட் செய்ததால், ப்ரோகிராமைத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் ரசீது வருவதற்கு முன்னால் திரை தொகை கேட்டுக்கொண்டு நின்றது. இதற்காகத்தான் பைத்தான் ஃபைல்களின் அடியில் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள்:

    இஃப் __நேம்__ == "__மெயின்__":

நேராக ஓட்டப்படும் ஃபைலுக்குப் பைத்தான் மெயின் என்று பெயர் கொடுக்கிறது. இம்போர்ட் செய்யப்படும் ஃபைலுக்கு அதன் சொந்தப் பெயர். எனவே இந்த வரிக்குக் கீழே உள்ளிழுத்து எழுதியவை நேராக ஓட்டினால் மட்டும் ஓடும்.

அடுத்து, பெயரைக் கொடுக்கும் வேலை. இரண்டு வழியில் கேட்கலாம்.

    இம்போர்ட் பதிவு
    ஃப்ரம் பதிவு இம்போர்ட் சேர்

முதல் வழியில் 'பதிவு' என்ற ஊர் முழுதும் கைக்கு வருகிறது, பதிவு.சேர் என்று ஊரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும். இரண்டாவதில் சேர் என்ற ஆள் மட்டும் வருகிறார், ஊர்ப்பெயர் சொல்லத் தேவையில்லை. இரண்டிலும் ஃபைல் முழுதும் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். ஒரு ஃபங்ஷனை மட்டும் கேட்டால் வேலை குறையும் என்பது பிரமை.

இரண்டாவது வழியில் ஒரு குழி உண்டு, நான் அதில் விழுந்தேன். பதிவு.பை ஃபைலில் ரசீது_எண் என்று ஒரு மாறி. ஆரம்பத்தில் 1. ஒவ்வொரு மொய் சேரும்போதும் ஒன்று கூடும். அச்சு.பை ஃபைலில் 'ஃப்ரம் பதிவு இம்போர்ட் ரசீது_எண்' என்று எழுதினேன். எல்லா ரசீதிலும் எண் 1 என்றே அச்சானது. ஏனென்றால், இம்போர்ட் நடந்த அந்த நொடியில் அந்தப் பெயர் எதைக் குறித்ததோ அதைத்தான் அச்சு.பை வாங்கி வைத்துக்கொண்டது. பதிவு.பை பின்னால் எண்ணை 2, 3 என்று மாற்றிக்கொண்டு போனது இதற்குத் தெரியாது. 'இம்போர்ட் பதிவு' என்று எழுதி, தேவைப்படும்போது பதிவு.ரசீது_எண் என்று கேட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஊருக்கே போய்க் கேட்டிருக்கும். மாறிக்கொண்டே இருக்கும் மதிப்புக்கு முதல் வழி, ஃபங்ஷனுக்கு எது வசதியோ அது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அள்ளும் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. டெர்மினலில் விளையாடும்போது சரி, ஃபைலில் வேண்டாம். அள்ளிய பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பிறகு யாருக்கும் தெரியாது. 'சேர்' கதை மறுபடி தொடங்கும். பெயர் நீளமாக இருந்தால் 'ஆஸ்' போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். எண் கணக்குகளுக்கான நம்பையை எல்லோரும் என்பி என்று கூப்பிடுவது அப்படித்தான்.

இனி தேடும் வேலை. தொந்தரவு அதிகம் கொடுப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நிற்கலாம். 'இம்போர்ட் பதிவு' என்றால் எந்த ஃபோல்டரில் தேடுவது? பைத்தானிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, பெயர் சிஸ்.பாத். சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து அதை அச்சிட்டுப் பாருங்கள். சில ஃபோல்டர்களின் முகவரி வரும். ஏட்டில் இல்லை, பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்டதும் இல்லை என்றால், இந்தப் பட்டியலில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தேடும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதோடு நின்றுவிடும். ஒரு ஃபைலை நேராக ஓட்டும்போது பட்டியலின் முதல் இடம் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர். நீங்கள் டெர்மினலில் நிற்கும் ஃபோல்டர் அல்ல, ஃபைல் இருக்கும் ஃபோல்டர். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பைத்தானோடு வரும் மாட்யூல்கள் இருக்கும் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் உங்கள் ஃபோல்டருக்குப் பின்னால்தான் வருகிறது. மொய்ப் பட்டியலை எக்செலில் திறக்கிற மாதிரி எழுதித் தர ஒரு ஃபைல் போட்டேன், அதற்கு சிஎஸ்வி.பை என்று பெயர் வைத்தேன். உள்ளே முதல் வரி 'இம்போர்ட் சிஎஸ்வி'. ஓட்டினால், சிஎஸ்வி மாட்யூலில் ரைட்டர் என்று ஒன்றும் கிடையாது என்று எரர். வீட்டில் அப்பா பெயரையே பேரனுக்கும் வைத்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டால் பேரன் ஓடி வருவானே, அந்தக் கதை. பைத்தான் தேடியது, பக்கத்திலேயே ஒரு சிஎஸ்வி.பை கிடைத்தது, அதை எடுத்துக்கொண்டது. அது என்னுடையது. ரேண்டம், ஈமெயில், ஜேசன் என்றெல்லாம் ஃபைலுக்குப் பெயர் வைத்து மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். பைத்தான் 3.13-இலிருந்து, உன் ஃபைலுக்கும் கூடவே வரும் மாட்யூலுக்கும் ஒரே பெயர், மாற்றிப் பார் என்று எரர் செய்தியே சொல்லிக்கொடுக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள்தான் தாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஃபைல்கள் நாலைந்து ஆனதும் அவற்றை ஒரு ஃபோல்டரில் போடத் தோன்றும். அந்த ஃபோல்டர்தான் பேக்கேஜ். என் ப்ரோகிராம் கடைசியில் இப்படி நின்றது:

    விசேஷம்/
        தொடங்கு.பை
        மொய்/
            __இனிட்__.பை
            பதிவு.பை
            கணக்கு.பை
            அச்சு.பை
            பொது.பை

மாட்யூல் ஊர் என்றால் பேக்கேஜ் தாலுகா. தொடங்கு.பை ஃபைலிலிருந்து இப்படிக் கூப்பிடலாம்:

    ஃப்ரம் மொய்.பதிவு இம்போர்ட் சேர்

இனிட் என்ற ஃபைல் எதற்கு? மொய் என்ற பேக்கேஜிலிருந்து எதை இம்போர்ட் செய்தாலும் முதலில் ஓடுவது அதுதான். காலியாக இருக்கலாம், என்னுடையது பல மாதம் காலியாகத்தான் கிடந்தது. பைத்தான் 3.3-இலிருந்து அந்த ஃபைல் இல்லாமலும் ஃபோல்டரை இம்போர்ட் செய்ய முடியும். ஆனால் அந்த வசதி, ஒரே பேக்கேஜின் துண்டுகள் வெவ்வேறு ஃபோல்டர்களில் சிதறி இருக்கும் பெரிய வேலைகளுக்காக வந்தது. நாம் காலி ஃபைல் ஒன்றைப் போட்டுவிடுவோம். போட்டால் நஷ்டம் இல்லை.

காலி இல்லாத இனிட் எப்படி இருக்கும் என்று பார்க்க, பைத்தானோடு வரும் ஜேசன் பேக்கேஜைத் திறந்து பாருங்கள். ஜேசன் என்ற வடிவத்தில் தரவைப் படிப்பதும் எழுதுவதும் அதன் வேலை. ஜேசன்.__ஃபைல்__ என்று அச்சிட்டால் அது இருக்கும் இடம் வரும். அந்த ஃபோல்டருக்குள் டிகோடர், என்கோடர், ஸ்கேனர், டூல் என்று தனித்தனி ஃபைல்கள். படிக்கும் வேலை ஒன்றில், எழுதும் வேலை இன்னொன்றில். ஆனால் நாம் யாரும் ஜேசன்.டிகோடர் என்று தேடிப் போவதில்லை. ஜேசன்.லோட்ஸ் என்று நேராகக் கூப்பிடுகிறோம். அது இனிட் ஃபைலிலேயே இருக்கிறது, டிகோடரை அதுவே உள்ளே இம்போர்ட் செய்துகொள்கிறது. வாசலில் மொய் எழுதுபவர் மாதிரி: உள்ளே பணத்தை எண்ணுபவர் யார், பெட்டியில் வைப்பவர் யார் என்று வருபவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தொடங்குபவர்கள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவில் நன்றாக எழுதப்பட்ட பேக்கேஜ் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கலாம்.

இனிட் எதையும் இழுத்து வைக்கவில்லை என்றால், 'இம்போர்ட் மொய்' என்று மட்டும் எழுதிவிட்டு மொய்.பதிவு.சேர் என்று கூப்பிட முடியாது. மொய்யில் பதிவு என்று ஒன்றும் இல்லை என்று எரர் வரும். ஃபோல்டரில் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறதே என்று கோபம் வரும். தாலுகா பெயரைச் சொன்னதற்காக அதில் உள்ள எல்லா ஊர்களும் எழுந்து வராது. 'இம்போர்ட் மொய்.பதிவு' என்று சொல்ல வேண்டும்.

பேக்கேஜுக்குள் இருக்கும் ஃபைல்கள் ஒன்றையொன்று கூப்பிட இரண்டு வழிகள் உண்டு. அச்சு.பை ஃபைலில் 'ஃப்ரம் மொய்.பதிவு இம்போர்ட் சேர்' என்று முழு விலாசம் எழுதலாம். அல்லது பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்து 'ஃப்ரம் .பதிவு இம்போர்ட் சேர்' என்று எழுதலாம். ஒரு புள்ளி என்றால் இதே பேக்கேஜ். இரண்டு புள்ளி என்றால் அதற்கு மேலே ஒரு படி. நான் புள்ளி வைத்தேன்.

விசேஷத்துக்கு முந்தின இரவு 11 மணிக்கு, ரசீதின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று மொய் ஃபோல்டருக்குள் போய் அச்சு.பை ஃபைலை நேராக ஓட்டினேன். தாய்ப் பேக்கேஜ் எது என்று தெரியாமல் புள்ளி வைத்து இம்போர்ட் செய்கிறாய் என்று எரர் வந்தது. சரி, புள்ளியை எடுத்துவிட்டு முழு விலாசம் எழுதினேன். மொய் என்று ஒரு மாட்யூலே இல்லை என்றது. நான் நின்றுகொண்டிருந்ததே மொய் ஃபோல்டருக்குள்!

மேலே அடிக்கோடிடச் சொன்னதை இப்போது எடுங்கள். ஃபைலை நேராக ஓட்டினால் தேடும் பட்டியலின் முதல் இடம் அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர், அதாவது மொய். மொய்க்குள் மொய் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா? இல்லை. அதனால் முழு விலாசம் தோற்றது. நேராக ஓட்டிய ஃபைலுக்குப் பெயர் வெறும் மெயின், மொய்.அச்சு என்ற முழுப்பெயர் அதற்கு அப்போது கிடையாது. தன் பேக்கேஜ் எது என்று அதற்கே தெரியாதபோது, 'இதே பேக்கேஜ்' என்ற புள்ளிக்கு என்ன பொருள்? அதனால் புள்ளியும் தோற்றது. வீட்டுக்குள் நின்றுகொண்டு அந்த வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறேன்.

இதற்கு வழி, ஒரு படி வெளியே வந்து விசேஷம் ஃபோல்டரில் நின்று இப்படி ஓட்டுவது:

    பைத்தான் -எம் மொய்.அச்சு

ஃபைலின் முகவரியைச் சாய்கோடு போட்டுச் சொல்லவில்லை. புள்ளி போட்டு மாட்யூலின் பெயரைச் சொல்கிறோம், கடைசியில் ஒட்டும் கிடையாது. எம் என்பது மாட்யூல். இப்படி ஓட்டினால் பட்டியலின் முதல் இடம் நீங்கள் நிற்கும் ஃபோல்டர். அங்கே மொய் இருக்கிறது. தான் மொய்யைச் சேர்ந்தவன் என்பதும் அச்சுக்குத் தெரிகிறது. புள்ளியும் வேலை செய்யும், முழு விலாசமும் வேலை செய்யும். சிஸ்.பாத் பட்டியலில் கையால் ஒரு ஃபோல்டரைச் சேர்த்துச் சமாளிக்கச் சொல்லி நிறையப் பேர் வழி காட்டுவார்கள். அன்றிரவு நானும் அதைத்தான் செய்தேன், ஓடியது. மறுநாள் ப்ரோகிராமை வேறு லேப்டாப்புக்கு மாற்றியதும் நின்றது, ஏனென்றால் கையால் சேர்த்த முகவரி என் லேப்டாப்பின் முகவரி. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இன்னும் ஒரு முடிச்சு. பதிவு.பை ரசீது போடுவதற்காக அச்சைக் கூப்பிட்டது. அச்சு.பை பெயரை அழகாகத் திருத்துவதற்காகப் பதிவில் இருந்த ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டது. பைத்தான் பதிவை ஓட்டத் தொடங்கியது. முதல் வரியிலேயே அச்சு வேண்டும் என்றதால் அதை ஓட்டப் போனது. அச்சின் முதல் வரி பதிவிலிருந்து பெயர்_திருத்து வேண்டும் என்றது. பதிவு ஏட்டில் இருக்கிறது, ஆனால் அரைகுறையாக. பெயர்_திருத்து எழுதியிருக்கும் வரிக்கு இன்னும் ஓட்டம் போய்ச் சேரவில்லை. எரர் செய்தியில் 'பார்ஷியலி இனிஷியலைஸ்டு' என்று படித்தால் இந்த வட்டம்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். இருவருக்கும் பொதுவானதைத் தூக்கி மூன்றாவது ஃபைலில் வைத்தேன். மேலே பட்டியலில் பொது.பை என்று பார்த்தீர்களே, அது இப்படிப் பிறந்ததுதான். அது யாரையும் இம்போர்ட் செய்வதில்லை.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. அடுத்து மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டார்கள். இந்த முறை விசேஷம் ஃபோல்டரில் பைப்ராஜெக்ட்.டாமல் என்று ஒரு சின்ன ஃபைல் போட்டேன். ப்ராஜெக்ட் என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் பேக்கேஜின் பெயர், பதிப்பு எண், அவ்வளவுதான். அந்த ஃபோல்டரில் நின்று, பேக்கேஜ்களை நிறுவும் பிப்பிடம் 'பிப் இன்ஸ்டால் -ஈ .' என்றதும், மொய் எந்த ஃபோல்டரிலிருந்து கூப்பிட்டாலும் கிடைக்கும் பேக்கேஜாகிவிட்டது. எங்கே நிற்கிறேன் என்று பார்க்கும் தொல்லை போயிற்று. கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டுகளையும் கணக்கில் எழுத வேண்டும் என்றார் அத்தை. சீர்.பை என்று ஒரு ஃபைல் எழுதி மொய் ஃபோல்டரில் போட்டேன், 40 வரி. அதிலும் சேர் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.